எந்த இன்ஜின்?

1989 ஜனவரி 8, இரவு. லண்டன் ஹீத்ரோவிலிருந்து பெல்ஃபாஸ்ட் நோக்கிப் புறப்பட்ட பிரிட்டிஷ் மிட்லண்ட் நிறுவனத்தின் போயிங் 737-400 விமானம் 28,000 அடிக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தபோது, இடப்பக்க இன்ஜினின் முன்விசிறியில் ஒரு தகடு முறிந்தது. விமானம் அதிர்ந்தது. கருகல் நாற்றத்தோடு புகை காக்பிட்டுக்குள் வந்தது. எந்த இன்ஜின் என்று கேப்டன் கேட்டார். துணை விமானி 'இடது' என்று சொல்லத் தொடங்கி, பாதியில் மாற்றி 'வலது' என்றார். அரை நிமிடத்துக்குள் வலப்பக்க இன்ஜினின் விசை குறைக்கப்பட்டது. அதிர்வு அடங்கியது, நாற்றமும் குறைந்தது. கை வைத்த இடம் சரிதான் என்று இருவரும் நம்பினார்கள். இரண்டு நிமிடம் கழிந்த வாக்கில் வலப்பக்க இன்ஜின் முழுவதுமாக அணைக்கப்பட்டது. அதில் எந்தப் பழுதும் இல்லை. கிழக்கு மிட்லண்ட்ஸ் விமான நிலையத்தில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்து, கடைசிக் கட்டத்தில் இடப்பக்க இன்ஜினிடம் கூடுதல் விசை கேட்டபோது அதுவும் செத்துப்போனது. ஓடுபாதையை எட்டாமல், கெக்வொர்த் கிராமத்தை ஒட்டிய எம்1 நெடுஞ்சாலையின் கரையில் விமானம் மோதியது. உள்ளே இருந்த 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

அந்தக் கேப்டன் 13,000 மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர். இரு விமானிகளிடமும் அக்கறைக் குறைவு இல்லை, துணிச்சல் குறைவும் இல்லை. குறைந்தது ஒன்றுதான்: எச்சரிக்கைக்கும் செயலுக்கும் நடுவே இருந்திருக்க வேண்டிய சில விநாடிகள். பெரிய விமானம் ஒன்றில் இன்ஜின் எச்சரிக்கை ஒலிக்கும்போது விமானி மின்னல் வேகத்தில் எதையாவது செய்தாக வேண்டும் என்றுதான் நாம் எதிர்பார்க்கிறோம். சினிமா அப்படித்தான் காட்டுகிறது; செய்திகளும் விமானியின் 'சமயோசிதம்' என்று அதைத்தான் புகழ்கின்றன. கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளின் விசாரணை அறிக்கைகளைச் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பாடம் வேறு. எச்சரிக்கை விளக்கு விமானியிடம் ஒரு கேள்வியைத்தான் வைக்கிறது. அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு பாய்ந்த கைகள், ஒற்றை இன்ஜினோடு பத்திரமாக இறங்கியிருக்கக்கூடிய விமானங்களை வீழ்த்தியிருக்கின்றன. நிதானம் ஒருவரின் பிறவிக் குணம் என்று விட்டுவிடக் கூடாது. அது பயிற்சியாலும் காக்பிட்டில் இருக்கும் இரண்டாவது மனிதராலும் உருவாகிறது. பயணிகளின் பாதுகாப்புக்கு நாம் முதலில் காசு செலவழிக்க வேண்டிய இடம் அதுதான்.

விமானம் விழுவதில்லை

இன்ஜின் நின்றால் விமானம் கல்லைப் போல விழுந்துவிடும் என்ற அச்சம் பலருக்கும் இருக்கிறது. பெரிய இரட்டை இன்ஜின் பயணிகள் விமானம் எதுவாக இருந்தாலும், ஓடுபாதையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தைக் கடந்தபின் ஓர் இன்ஜினை இழந்தாலும், மிச்சமுள்ள ஒன்றோடு மேலெழுந்து, ஏறி, திரும்பிவந்து இறங்க முடியும் என்று நிரூபித்த பிறகுதான் அதற்குச் சான்றிதழே கிடைக்கிறது. கடல் தாண்டிப் பறக்கும் இரட்டை இன்ஜின் விமானங்களுக்கு, ஓர் இன்ஜினை மட்டும் நம்பி எத்தனை நிமிடம் பறக்கலாம் என்ற வரம்பு உண்டு. 1985-ல் அமெரிக்க விதிகள் அந்த வரம்பை 120 நிமிடமாக உயர்த்தின. ஏர்பஸ் ஏ350 இன்று 370 நிமிடம் வரை அனுமதி பெற்ற விமானம். ஆறு மணி நேரத்துக்கும் மேல்! அவ்வளவு நேரம் ஒற்றை இன்ஜினில் பறக்கலாம் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கும்போது, எச்சரிக்கை மணி ஒலித்த முதல் பத்து விநாடியில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வருகிறது?

தீ எச்சரிக்கைக்கும் இது பொருந்தும். இன்ஜின் பயணிகளின் காலடியில் இல்லை. பெரும்பாலான பெரிய விமானங்களில் அது இறக்கைக்குக் கீழே, தனிக் கூட்டில் தொங்குகிறது. அதன் தீத்தடுப்புச் சுவர்கள் சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை 15 நிமிடம் தாங்க வேண்டும் என்பது தர விதி. தீ எச்சரிக்கை வந்தால் செய்ய வேண்டியவை சிலவே. த்ராட்டிலைக் குறைத்து, எரிபொருள் சுவிட்சை அணைத்து, தீக் கைப்பிடியை இழுக்க வேண்டும். ஏர்பஸ்ஸில் கைப்பிடிக்குப் பதில் பொத்தான். அந்த ஓர் இழுப்பில் எரிபொருள், ஹைட்ராலிக் எண்ணெய், இன்ஜினிலிருந்து கேபினுக்கு வரும் காற்று, ஜெனரேட்டரின் மின்சாரம் எல்லாம் துண்டிக்கப்படும். பிறகு தீயணைப்புக் குப்பி ஒன்றைத் திறந்து அரை நிமிடம் பார்ப்பார்கள். விளக்கு அணையவில்லை என்றால் இரண்டாவது குப்பி. கவனிக்க வேண்டியது, காத்திருப்பது இந்த வரிசையின் ஓர் அங்கமாகவே எழுதப்பட்டிருக்கிறது என்பதை.

விமானம் எழும்பும் தருணத்தில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. தரையிலிருந்து குறைந்தது 400 அடி உயரும் வரை எந்த இன்ஜின் சுவிட்சையும் தொடாதே. மணியை நிறுத்து, விமானத்தை நேராக ஓட்டு என்பதே பெரும்பாலான நிறுவனங்களின் நடைமுறை. ஒரு பக்க விசை போனால் விமானம் அந்தப் பக்கம் திரும்பப் பார்க்கும். காலால் ரடரை மிதித்து அதை நேராக நிறுத்துவதும், மூக்கின் கோணத்தையும் வேகத்தையும் காப்பதும்தான் அப்போது உயிரைக் காக்கும் வேலைகள். வடிவமைப்பாளர்களே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஏர்பஸ் விமானங்களில், ஓடுபாதையில் 80 நாட் வேகத்தைத் தாண்டியதிலிருந்து சுமார் 1,500 அடி உயரும் வரை, உடனடி ஆபத்தில்லாத எச்சரிக்கைகளைக் கணினி விமானியிடம் சொல்லாமல் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. தவறான நேரத்தில் வரும் சரியான தகவலும் ஆபத்து என்று தெரிந்தே செய்த ஏற்பாடு இது.

கை முந்திய இடங்கள்

கெக்வொர்த் விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 1994 டிசம்பர் 13 அன்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ராலே-டர்ஹம் நிலையத்தை நெருங்கிய சிறிய ஜெட்ஸ்ட்ரீம் விமானத்தில், இன்ஜினின் எரியூட்டி விளக்கு ஒன்று எரிந்தது. இன்ஜின் அணைந்துவிட்டது என்று கேப்டன் முடிவு கட்டினார். உண்மையில் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இல்லாத பழுதுக்கு நடவடிக்கை எடுக்கப்போய் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. 20 பேரில் 15 பேர் மாண்டார்கள். இந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்க, ஐரோப்பிய விமானத் தொழில்துறை அமைப்புகள் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தி 1998-ல் அறிக்கை வெளியிட்டன. பழுதைவிடப் பழுதுக்குக் காட்டப்பட்ட பொருந்தாத எதிர்வினைதான் மக்களைக் கொல்கிறது என்பது அதன் சாரம். இன்ஜின்கள் ஆண்டுக்காண்டு மேம்பட்டுக்கொண்டே வந்தபோதும், இந்த வகை விபத்துகள் அதே அளவுக்குக் குறையவில்லை என்பதை அது எடுத்துக்காட்டியது.

பதினேழு ஆண்டுகள் கழித்தும் அதே கதை தொடர்ந்தது. 2015 பிப்ரவரி 4 அன்று தைவானின் தைபேயிலிருந்து கிளம்பிய டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72-600 விமானத்தில், இரண்டாம் இன்ஜின் செயலிழந்ததாக எச்சரிக்கை வந்தது. மின்னணுக் கருவி ஒன்றில் சாலிடர் இணைப்பு சரியில்லாததால் கிளம்பிய கோளாறு அது. தானியங்கி அமைப்பு தன் கடமையைச் செய்தது. அந்தப் பக்க விசிறித் தகடுகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்பி, இழுவையைக் குறைத்தது. முதல் இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதை மட்டும் கொண்டு விமானம் ஏறியிருக்க முடியும். ஆனால் கேப்டன் முதல் இன்ஜினின் த்ராட்டிலைப் பின்னுக்கு இழுத்தார். பொறுங்கள், சரிபார்ப்போம் என்ற பொருளில் பக்கத்து இருக்கையிலிருந்து வந்த சொல் பதிவாகியிருக்கிறது. அது கையை நிறுத்தவில்லை. தவறு உறைத்தபோது உயரம் மிச்சமில்லை. எச்சரிக்கை வந்து சுமார் இரண்டு நிமிடத்தில் விமானம் கீலுங் ஆற்றில் விழுந்தது. 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். புறப்படும்போது இன்ஜின் பழுதைக் கையாளும் பயிற்சியில் அந்தக் கேப்டன் முன்பே தடுமாறியிருந்தார் என்பதையும் விசாரணை அறிக்கை பதிவுசெய்தது. அந்தத் தடுமாற்றத்தை முழுதும் சரிசெய்யாமல் கேப்டன் இருக்கையில் அமர்த்திய ஏற்பாட்டுக்கும் இந்தத் தவறில் பங்கு உண்டு.

நூறு எச்சரிக்கைகளுக்கு நடுவே

எதிர்ப்பக்கத்துச் சான்று 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூர் வானில் கிடைத்தது. சாங்கி நிலையத்திலிருந்து சிட்னிக்கு 469 பேரோடு கிளம்பிய குவான்டாஸ் 32, அன்றைய உலகின் மிகப்பெரிய பயணிகள் விமானமான ஏர்பஸ் ஏ380. புறப்பட்டுச் சில நிமிடங்களில், சுமார் 7,000 அடி உயரத்தில், இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு மேலே இரண்டாம் இன்ஜின் வெடித்தது. உள்ளே எண்ணெய் கொண்டுசெல்லும் சிறு குழாய் ஒன்று அச்சு விலகக் கடையப்பட்டதால், அதன் சுவர் ஒரு பக்கம் மெலிந்திருந்தது. அங்கே விரிசல் கண்டு, கசிந்த எண்ணெய் தீப்பிடித்து, டர்பைன் வட்டு சிதறியது. துண்டுகள் இறக்கையைத் துளைத்து, எரிபொருள் தொட்டியைக் கிழித்து, நூற்றுக்கணக்கான வயர்களை அறுத்தன. காக்பிட் திரையில் எச்சரிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. மொத்தத்தில் நூறைத் தாண்டின.

கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி முதலில் செய்தது, ஏறுவதை நிறுத்தி விமானத்தைச் சீரான உயரத்தில் பிடித்தது. அவசரமாகத் திரும்பி இறங்கப் பார்க்கவில்லை. சாங்கிக்கு அருகிலேயே வட்டமிட்டபடி, அன்று தற்செயலாகக் காக்பிட்டில் இருந்த ஐந்து விமானிகளும் திரை சொன்ன ஒவ்வொரு வரியையும் படித்து, பேசி, முடிவெடுத்தார்கள். அதற்கு மட்டும் ஏறத்தாழ 50 நிமிடம் ஆனது. இறக்கைகளுக்கிடையே எடை சமமில்லை, எரிபொருளை மாற்று என்று கணினி கேட்டது. துளைபட்ட தொட்டிக்கும் சிதைந்த குழாய்களுக்கும் எரிபொருளை அனுப்புவது புத்தியா என்று யோசித்து, மாற்றுவதில்லை என்று தீர்மானித்தார்கள். எது எது கெட்டது என்று எண்ணி மாளாத நிலையில், எது எது இன்னும் வேலை செய்கிறது என்று கேப்டன் கணக்கைத் திருப்பிப் போட்டார். புறப்பட்டு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில், அனுமதித்த இறங்கும் எடையைவிடப் பல பத்து டன் கூடுதலாகச் சுமந்து, விமானம் சாங்கியில் இறங்கியது. 4,000 மீட்டர் ஓடுபாதையில் சுமார் 150 மீட்டர் மிச்சம் இருந்தபோது நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

தயங்கியதால் இறந்தவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். இந்த வாதத்துக்கு எதிராக வைக்கத்தக்க வலுவான கேள்வி இதுதான். 1980 ஆகஸ்ட் 19 அன்று ரியாத்திலிருந்து ஜெட்டாவுக்குக் கிளம்பிய சவுதியா 163 விமானத்தில், பின்புறச் சரக்கு அறையிலிருந்து புகை எச்சரிக்கை வந்தது. அது மெய்யா பொய்யா என்று உறுதிசெய்வதிலேயே நான்கு நிமிடத்துக்கும் மேல் போனது. திரும்பிவந்து பத்திரமாகத் தரையிறங்கிய பிறகும், விமானத்தை உடனே நிறுத்தி மக்களை வெளியேற்றவில்லை. உள்ளே இருந்த 301 பேரும் தரையில், மூடிய கதவுகளுக்குள் இறந்தார்கள். இதைப் படித்தபின் நிதானத்தைப் புகழ்ந்து பேசுவதற்கு யாருக்கும் நா கூசத்தான் செய்யும்.

ஆனால் இரண்டு ஆபத்துகளும் வேறு வேறு. பயணிகள் உட்கார்ந்திருக்கும் உடற்கூட்டுக்குள் பிடித்த தீயை வெட்டி ஒதுக்க வழியில்லை. அங்கே கடிகாரம்தான் எதிரி. இறக்கையில் தொங்கும் இன்ஜினுக்கு எரிபொருளை நிறுத்தலாம், குப்பியைத் திறக்கலாம், இன்னோர் இன்ஜினோடு வீடு திரும்பலாம். சவுதியாவின் பாடம், எந்த ஆபத்து எந்த வகை என்று முதலில் பிரித்தறிய வேண்டும் என்பது. அப்படிப் பிரித்தறியவும் தலை தெளிவாக இருக்க வேண்டும். குவான்டாஸ் விமானம் சாங்கியில் நின்றபோது எரிபொருள் கொட்டிக்கொண்டிருந்தது, பிரேக்குகள் பழுக்கக் காய்ந்திருந்தன, முதல் இன்ஜின் அணைய மறுத்து ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் சறுக்குகளை விரித்து நூற்றுக்கணக்கானோரை அந்த எரிபொருளுக்குள் இறக்குவதைவிட, தீயணைப்பு வீரர்கள் நுரை தெளித்துச் சூழ்ந்திருக்க உள்ளேயே உட்காரவைப்பது பாதுகாப்பு என்று குழு எடைபோட்டது. பிறகு படிக்கட்டு வழியாக எல்லோரும் நடந்தே இறங்கினார்கள். ரியாத்தில் நடந்த தாமதத்துக்குப் பின்னால் இப்படி ஓர் எடைபோடல் இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டும் வெளியிலிருந்து பார்க்கத் தாமதமாகவே தெரியும். ஒன்றில் முடிவு இருந்தது, மற்றதில் இல்லை.

நேரமே இல்லாதபோது என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைக் கூட்டத்தில் மோதி, யுஎஸ் ஏர்வேஸ் 1549 விமானத்தின் இரண்டு இன்ஜின்களும் சுமார் 2,800 அடி உயரத்தில் விசையிழந்தன. ஹட்சன் ஆற்றைத் தொடக் கிடைத்தது மூன்றரை நிமிடம். இரு இன்ஜின்களும் நின்றால் படிக்க வேண்டிய செக்லிஸ்ட், மிக உயரத்தில் பறக்கும் விமானத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸ் அதை முடிக்க நேரம் போதவில்லை. கேப்டன் செஸ்லி சல்லன்பர்கரோ பட்டியலின் வரிசைக்குக் காத்திராமல், துணை மின் இன்ஜினை முதலிலேயே இயக்கினார். மின்சாரம் தொடர்ந்தது, கட்டுப்பாடுகள் இயங்கின, 155 பேரும் பிழைத்தார்கள். வேகம் காப்பாற்றிய கதையாக இது சொல்லப்படுகிறது. கூர்ந்து பார்த்தால், அவர் விமானத்தை ஓட்டினார், ஸ்கைல்ஸ் பட்டியலைப் படித்தார். பிரித்துக்கொண்ட வேலையில் ஒருவர் மற்றவருடையதில் தலையிடவில்லை. தாழ்ந்த உயரத்துக்கென்று தனிச் செக்லிஸ்ட் வேண்டும் என்று அமெரிக்க விசாரணை வாரியம் பரிந்துரைத்ததும், அந்தப் பட்டியலை முடிக்க நேரம் போதாமல் போனதால்தான். நேரம் குறையும்போது யோசனையை விமானியின் தலையில் மட்டும் ஏற்றாமல், முன்கூட்டியே தாளில் செய்துவைக்க வேண்டும்.

நிதானத்தைப் புறக்கணிப்போடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. 2001 ஆகஸ்ட் 24 அன்று டொராண்டோவிலிருந்து லிஸ்பனுக்கு 306 பேரோடு அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்த ஏர் டிரான்சாட் 236 விமானத்தில், வலப்பக்க இன்ஜினின் எண்ணெய் வெப்பம் குறைந்தும் அழுத்தம் கூடியும் காட்டியது. விசித்திரமான சேர்க்கை, கருவிக் கோளாறாக இருக்கலாம் என்று விமானிகள் நினைத்தார்கள். உண்மையில் அந்தப் பக்கம் எரிபொருள் கசிந்துகொண்டிருந்தது. பின்னர் இரு பக்கத் தொட்டிகளும் சமமில்லை என்ற அறிவிப்பு வந்தபோது, செக்லிஸ்ட்டை எடுத்துப் படிக்காமல் நினைவிலிருந்தே இரு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குக் குழாயைத் திறந்தார்கள். நல்ல பக்கத்து எரிபொருளும் ஓட்டை வழியே போனது. இரண்டு இன்ஜின்களும் நின்று, சுமார் 19 நிமிடம் மிதந்து, அசோர்ஸ் தீவுகளின் லாஜெஸ் தளத்தில் விமானம் இறங்கியது, எல்லோரும் பிழைத்தார்கள். எச்சரிக்கையை நம்பாமல் தள்ளுவதும் அதைக் கேட்டதும் பாய்வதும் ஒரே நோயின் இரு முகங்கள். கசிவு இருந்தால் குறுக்குக் குழாயைத் திறக்காதே என்ற எச்சரிப்பு அந்தத் தாளில் இருந்தது. படிக்க ஆகும் நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

இன்னொரு குரல் தொழில்நுட்பத்தின் பக்கமிருந்து வருகிறது. மனிதர் தவறுகிறார், ஆகவே கணினியே இன்ஜினைக் கண்டறிந்து அணைக்கட்டும். காக்பிட்டில் ஒருவர் போதும் என்கிறார்கள். டிரான்ஸ்ஏசியாவில் தானியங்கி அமைப்பு சரியாகச் செயல்பட்டது உண்மைதான். ஆனால் அதைத் தூண்டிய சமிக்ஞையே பழுதான கருவியிலிருந்து வந்தது. குவான்டாஸ் 32-ல் கணினி சொன்னபடி எரிபொருளை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப்பார்த்தால் போதும். கருவி தனக்குத் தெரிந்த கம்பிகள் வழியே மட்டும் உலகத்தைப் பார்க்கிறது. கம்பி அறுந்தால் அதன் உலகமும் அறுந்துபோகிறது. அறுந்திருக்கிறது என்று சந்தேகப்பட ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதரும் தவறக்கூடும் என்பதால் இன்னொருவர் வேண்டும்.

இரண்டாவது குரல்

இதனால்தான் இன்ஜின் சுவிட்சைத் தொடும் முன் இருவரும் உரக்கச் சொல்லி உறுதிசெய்யும் சடங்கை உயிரினும் மேலாகக் காக்க வேண்டும் என்கிறேன். ஒருவர் கையை வைத்து எண்ணைச் சொல்ல, மற்றவர் திரையைப் பார்த்து ஆமோதித்த பிறகே கை நகர வேண்டும். ஐந்து விநாடி ஆகும். கெக்வொர்த்தில் கேபின் ஊழியர்களும் பயணிகளும் இடப்பக்கம் தீப்பொறி பறந்ததைக் கண்ணால் பார்த்தார்கள். வலப்பக்க இன்ஜினில் கோளாறு என்று கேப்டன் அறிவித்ததையும் பயணிகள் கேட்டார்கள். விமானிக்குத் தெரியாததா என்று எண்ணி யாரும் வாய் திறக்கவில்லை. நடந்ததை மறுபடி அலசிப்பார்க்கக் கேப்டன் ஒரு கட்டத்தில் தொடங்கியபோது, ரேடியோ அழைப்பு குறுக்கிட்டது. அலசல் அங்கேயே நின்றது. மோதலுக்கு முன் கிட்டத்தட்ட இருபது நிமிடம் அவர்கள் கையில் இருந்தது.

இன்றைய இன்ஜின்கள் மிகவும் நம்பகமானவை. ஒரு விமானி பணி ஓய்வு பெறும் வரை உண்மையான இன்ஜின் பழுதை ஒருமுறைகூடச் சந்திக்காமல் போகலாம். அந்த அனுபவத்தைச் சிமுலேட்டர் மட்டுமே தர முடியும். புதிய வகை விமானத்துக்கு மாறும் விமானிக்குக் காகிதப் பாடத்தோடு நிறுத்திக்கொள்வது தவறு; கெக்வொர்த் விமானிகளுக்கு 737-400-க்கென்று சிமுலேட்டர் பயிற்சி கிடைத்திருக்கவில்லை, அதன் புதிய மீட்டர்கள் பழகியிருக்கவில்லை. சிமுலேட்டர் மணி நேரங்களைக் குறைப்பதும், இரண்டாவது விமானியைச் செலவாகப் பார்ப்பதும், கேள்வி கேட்கும் துணை விமானியை அடக்கிவைப்பதும் இந்த ஐந்து விநாடியைத் திருடும் செயல்கள். அவற்றைத் தடுக்க வேண்டியது ஒழுங்குமுறை அமைப்புகளின் கடமை.

பயணிகளாகிய நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. விமானம் திரும்பி வந்து நிலையத்துக்கு மேல் நெடுநேரம் வட்டமிட்டால், ஏன் உடனே இறக்கவில்லை என்று கோபம் வருவது இயல்பு. அப்போது மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் இருவர் ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒருவர் சொன்னதை மற்றவர் சரிபார்த்துக்கொண்டிருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே நீங்கள் பார்த்தது கேப்டனின் அறிவிப்போடு பொருந்தவில்லை என்றால், கேபின் ஊழியரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். 47 உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம் அது.